துடக்கு வீட்டு இடியப்பம்

பாலேஸ்வரி ஒரு மனுசனின் கடையை இழுத்துப் பூட்டவைப்பதற்காகத்தான் பொதுச்சேவையில் இறங்கினாள். அதை அவள் ஒருவருக்கும் ஒளிக்கவில்லை. கேட்டவர்கள்தான் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த மனுசன் இராசரத்தினம். கனடாவில், மார்க்கம் றோட்டில் பிளாசா ஒன்றுக்குள் சைவச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், நெற்றியில் திருநீறு அழியாதவர், கோயில் திருவிழாவில் முதல் வரிசையில் நிற்பவர். அவருடைய கடை இடியப்பத்துக்கு அஜக்ஸிலிருந்தும் சனம் கார் ஓடி வரும். மெல்லிசான இழை, அடுத்த நாள் வைத்துச் சாப்பிட்டாலும் காயாது. அதைக் கடையில் ஒருவரும் புழிவதில்லை என்பது வாங்கிச் சாப்பிடுகிற சனத்துக்குத் தெரியாது. மல்வேர்னில் ஏழெட்டுப் பெண்கள் தங்கள் வீட்டுக் குசினியில் மாவை வறுத்து, கொதிதண்ணீர் விட்டுக் குழைத்து, இடியப்ப உரலில் அடைத்து, இருநூறு முந்நூறு என்று புழிந்து அவித்து அடுக்கி வைப்பார்கள். பத்து மணிக்கு அவருடைய வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்தப் பெண்களில் பழைய ஆள் பாலேஸ்வரி. பதினொரு வருடம் புழிந்தாள். வலது மணிக்கட்டில் ஒரு வீக்கம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது, அவள் கனடாவில் குடியேறியதைவிடச் சுலபமாக.

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை காலை அவளுடைய கணவர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் நிற்கும்போதே ரெலிபோன் அடித்தது.

“பாலேஸ், வான்காரன் உங்கட வாசல்லை நிக்கிறான். ஒருத்தரும் கதவு திறக்கேல்லையாம்?”

“அண்ணை, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்.”

“ஐயோ, முருகா!” என்றார் இராசரத்தினம். அதே மூச்சில், “அப்ப இண்டையான் ஓடருக்கு நான் என்ன செய்யிறது?” என்றும் கேட்டார்.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். சாவு நடந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் படி மிதிக்கக்கூடாது, நல்ல காரியத்துக்கு ஒன்றும் தொட்டுக் கொடுக்கக்கூடாது. அந்த முப்பத்தொரு நாளும் வேலையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வீடு கழுவி, அடுத்த நாள் பஸ் எடுத்துக் கடைக்குப் போனாள். கடை நிறையச் சனம்.

“அண்ணை, திங்கட்கிழமை தொடங்கட்டோ?”

“வேறை ஆளைப் பிடிச்சிட்டன் பாலேஸ்.”

“பதினொரு வருசம் அண்ணை.”

“ஓம், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இனி நீங்கள் புழிஞ்சா மாவிலை செத்த வீட்டு மணம் நிக்குமெண்டு சனம் கதைக்குது. நான் கோயிலுக்கும் குடுக்கிறவன். விளங்கிக்கொள்ளுங்கோ.”

வரிசையில் நின்ற ஒரு பெண் கையிலிருந்த இடியப்பப் பெட்டியை மெல்லத் திருப்பி மேசையில் வைத்துவிட்டு ரொட்டி எடுத்தாள். பாலேஸ்வரி அதைக் கண்டாள். இராசரத்தினம் சொன்னதை ஒருவேளை மறந்திருப்பாள், அந்தப் பெட்டி மேசைக்குத் திரும்பிப் போனதை அவளால் மறக்க முடியவில்லை. வீட்டுக்கு வரும் பஸ்ஸில், “உவன்ர கடைத் தட்டு வெறுமையாக் கிடக்கிறதை இந்தக் கண்ணாலை பாக்காமல் விடமாட்டன்” என்று வாய்விட்டே சொன்னாள். முன் சீற்றிலிருந்த சீனக் கிழவி திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள்.

மாசி மாதம், பனி முழங்கால் மட்டும் கிடந்த ஒரு நாள், அன்ரனெற் அவளைக் கொமியூனிற்றி சென்ரருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்ரனெற் பாசையூர்க்காரி, கத்தோலிக்கக் குடும்பம், ஒரே ரவுண்ஹவுஸ் வரிசையில் நாலாவது வீடு, அவளும் இராசரத்தினத்துக்குப் புழிந்துகொண்டிருந்தவள்தான். சென்ரரில் ‘உங்கள் சமூகத்தில் ஒரு சோஷல் என்ரபிரைஸ் தொடங்குவது எப்படி’ என்று வகுப்பு. நடத்தியது அன்ரனெற்றின் மகள் ஸ்டெபனி. இங்கே பிறந்து, இங்கேயே படித்து, இந்தச் சென்ரரிலேயே வேலை பார்க்கிற பிள்ளை.

“அன்ரி, இது பிஸ்னஸ்தான், பட் லாபம் ஒரு ஓணருக்குப் போகாது, கொமியூனிற்றிக்கே திரும்பி வரும். சோ முதல்லை உங்கட பேர்ப்பஸை எழுதோணும். ஏன் இதைச் செய்யிறியள்?” என்று ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை நீட்டினாள்.

பாலேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ‘இராசரத்தினத்தின் கடையைப் பூட்டுவது’ என்று வடிவான எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

ஸ்டெபனி எழுத்துக்கூட்டி வாசித்தாள். “அன்ரி, உதுக்கு ஒருத்தரும் ஃபண்டிங் தரமாட்டினம். இப்பிடிப் போடுவமே? ‘வீடுகளிலை இருந்து புழியிற பொம்பிளையளுக்குச் சொந்தக் கிச்சின், சொந்தப் பேர்.’”

“ரெண்டும் ஒண்டுதான் பிள்ளை. நீ எழுது.”

வன்மம் பிடித்தால் மனுசருக்குக் குளிரும் தெரியாது, நோவும் தெரியாது. இராசரத்தினத்துக்குப் புழிகிற ஒவ்வொருத்தி வீட்டுக் கதவையும் பாலேஸ்வரி போய்த் தட்டினாள். சும்மா போய்ப் பிரசங்கம் வைக்கவில்லை. போய், சப்பாத்தைக் கழற்றி, கையைக் கழுவி, அவளுக்குப் பக்கத்தில் நின்று அந்த மனுசனுடைய ஓடரையே கூடச் சேர்ந்து புழிந்து கொடுத்தாள். புழிந்துகொண்டே, “இதைத் தன்ர மனிசி புழிஞ்சதெண்டெல்லே சொல்லி விக்கிறான்” என்று போட்டாள். இரண்டாம் தட்டு அவியுமுன் அந்த வீட்டுக்காரிக்கும் இரத்தம் கொதித்துவிடும். பங்குனி முடிய அவளோடு சேர்த்து ஆறு பேர்.

தேவாலயம் ஒன்றின் கீழ்த்தளக் குசினி அவர்களுக்குக் கிடைத்தது. அன்ரனெற் பாதரிடம் அழுது வாங்கியது. சுகாதாரப் பரிசோதகர் வந்து கை கழுவும் தொட்டி இன்னொன்று வேண்டும் என்றார், பொருத்தினார்கள். தலைக்கு வலை போடவேண்டும் என்றார், ஆறு பேரும் வலை போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்து வயிறு நோகச் சிரித்தார்கள். பெட்டியின் மூடியில் யார் புழிந்ததோ அவளுடைய பெயரை ஒட்டுவது என்று முடிவெடுத்தார்கள். எல்லோருக்கும் முதல் பாலேஸ்வரி ஒரு சட்டம் போட்டாள்.

“இஞ்சை துடக்கு எண்ட கதை ஒருத்தரும் கதைக்கப்படாது. குளிச்சியோ, கை கழுவினியோ, வலை போட்டியோ, அவ்வளவுதான். செத்த வீட்டுக்காரியெண்டு ஒருத்தியையும் வெளியிலை விடமாட்டன்.”

“எங்களுக்கு வேதத்திலை துடக்கே இல்லை, எனக்கென்ன” என்றாள் அன்ரனெற்.

சித்திரையில் தொடங்கிய குசினி ஆனியில் சூடு பிடித்தது. இராசரத்தினம் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டார். அது துப்பிய இடியப்பத்தை வாயில் வைத்தவர்கள் றப்பர் என்றார்கள். இந்தச் செய்தியைக் கேட்ட அன்று பாலேஸ்வரி கணவரின் படத்துக்கு முன்னால் நின்று, “கேட்டனீங்களோ, றப்பராம்” என்று சொன்னாள்.

ஏழாவதாக வந்தவள் நிரூபா. விசிற்றர் விசாவில் வந்து, அகதியாகப் பதிந்து, கேஸ் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் யாரோ ஒருவரின் பேஸ்மென்ரில் ஒற்றை அறையில் இருக்கிற பெண். வயது இருபத்தாறு. அவளுடைய கை புழிந்தால் இழை அறாது. ஆடி பிறந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் அவளுடைய அம்மா செத்துப்போனாள். நிரூபாவால் போக முடியாது. போனால் திரும்பி வர முடியாது. அம்மாவுக்கு வாய்க்கரிசி போடுவதை ரெலிபோன் திரையில் பார்த்தாள். இடையில் படம் நின்று நின்று வந்ததாம். நாலாம் நாள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

“அன்ரி, உள்ளை வரலாமோ? அந்த அறைக்குள்ளை தனிய இருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும்.”

“வா பிள்ளை. ஆர் உன்னை வரவேண்டாமெண்டது?” என்று பாலேஸ்வரி கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தன் பக்கத்து உரலைக் கொடுத்தாள். அன்று நிரூபா அழுதுகொண்டே இருநூறு இடியப்பம் புழிந்தாள்.

குசினிக்கு ஒரு கண்டம் இருந்தது. சென்ரர் மூலம் கிடைத்த ஃபண்டிங் ஆவணியோடு நின்றுவிடும், அதற்குள் பெரிய ஓடர் ஒன்றைக் காட்டாவிட்டால் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று ஸ்டெபனி சொல்லிவிட்டாள். பெரிய ஓடர் என்று ஊரில் இருந்தது ஒன்றேயொன்று: கோயில் திருவிழா. பத்து நாளும் பின்னேரப் பூசை முடிய அவ்வளவு சனத்துக்கும் இடியப்பமும் சொதியும் சம்பலும். அதைப் பிடித்தால் பிறகு கலியாணங்கள் தானாக வரும். ஏழு வருடமாக அது இராசரத்தினத்தின் கையில் இருந்தது.

கோயில் செயலாளர் வாகீசன் செவ்வாய்க்கிழமை குசினிக்கு வந்தார். யூனியன்வில்லில் வீடு, வீடு விற்கிறதுதான் தொழில், சிரிப்பு வாயைவிட்டு இறங்காது. மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார்.

“அன்ரி, சாப்பாடு சோக்கு. ஆனா இராசரத்தினம் அண்ணைக்கு இல்லையெண்டு எப்பிடி முகத்துக்கு நேரை சொல்லுறது? ஒரு காரணம் வேணுமெல்லே. சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போறன், கதைச்சு முடிவாக்குவம்.”

என்ன முடிவு என்று ஏழு பேருக்கும் விளங்கிவிட்டது. அன்ரனெற் சொதிச் சட்டியைத் தேய்த்த தேய்ப்பில் அடி கழன்றுவிடும் போலிருந்தது.

பாலேஸ்வரிக்கு ஒரு பழக்கம். காலைத் தேத்தண்ணியோடு ரெலிபோனில் மரண அறிவித்தல்களை ஒன்றுவிடாமல் வாசிப்பாள். நம்முடைய சனத்தில் முக்கால்வாசிக்கும் உள்ள பழக்கம்தான். வியாழக்கிழமை காலை ஒரு முகத்தில் அவளுடைய விரல் நின்றது. தில்லையம்பலம், ஏழாலை, முதல் நாள் காலமானார். ஊரில் அவளுடைய வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருந்த மனுசன். இராசரத்தினத்தின் கூடப் பிறந்த அண்ணன்.

மனைவி பெயர் இருந்தது, பிள்ளைகள் பெயர் இருந்தது. ‘புவனேஸ்வரி (பிரான்ஸ்) அவர்களின் அன்புச் சகோதரரும்’ என்று இருந்தது. இராசரத்தினம் (கனடா) இல்லை. அவள் மேலிருந்து கீழாக மூன்று தரம் வாசித்தாள். இன்னும் ஒன்பது நாளில் கொடியேற்றம். அண்ணன் செத்தது தெரிந்தால் தம்பிக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, கோயில் ஓடர் கைவிட்டுப் போய்விடும். மனுசன் அண்ணனின் மரண அறிவித்தலிலிருந்து தன் பெயரை எடுப்பித்துவிட்டார்!

பாலேஸ்வரி தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தாள். அவ்வளவு ருசியான தேத்தண்ணியை எட்டு மாதமாக அவள் குடித்ததில்லை.

சனிக்கிழமை காலை அவள் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் பால்கறியுமாகச் சமைத்து, தட்டங்களில் பிரித்து, பெரிய அலுமினியச் சட்டிக்குள் அடுக்கினாள். அன்ரனெற் வந்து மூடியைத் திறந்து பார்த்தாள்.

“ஆற்றை ஓடர் இது?”

“ஓடர் இல்லை. செத்த வீட்டுச் சாப்பாடு. செத்த வீட்டிலை அடுப்பு மூட்டப்படாது, அயலட்டைதான் சமைச்சுக் குடுக்கோணும். இராசரத்தினத்தின்ர தமையன் போட்டார். கொண்டுபோய்க் குடுக்கப்போறன். கடையிலை. வாகீசன் நிக்கேக்கை.”

அன்ரனெற் மூடியை மூடினாள். “உம்மைத் துடக்கு எண்டு கலைச்சவனை நீரும் துடக்கு எண்டோ கலைக்கப்போறீர்?”

“நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன். சாப்பாடு குடுக்கிறது பாவமோ?”

“பாவம் எதெண்டு எனக்கும் தெரியும் பாலேஸ். உம்மட முகத்தைப் பாத்தாலே தெரியுது, இது இரக்கத்திலை குடுக்கிற சாப்பாடில்லை.”

“உம்மட பெட்டி மேசைக்குத் திரும்பிப் போயிருந்தா விளங்கியிருக்கும்” என்றாள் பாலேஸ்வரி. “வான் திறப்பை எடும்.”

சட்டிக்கு இரண்டு பிடி. ஒரு பிடியை நிரூபா பிடித்தாள். அவளுக்கு விவரம் ஒன்றும் தெரியாது. அன்ரி கூப்பிட்டாள், வந்தாள். வெளியில் வெயில் கொளுத்தியது. பிளாசாவின் தார் சப்பாத்தில் ஒட்டியது. அன்ரனெற் வானைவிட்டு இறங்கமாட்டேன் என்று ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

கடையில் மத்தியானச் சனம் கதவுவரை நின்றது. கண்ணாடித் தட்டுக்கு அந்தப் பக்கம் இராசரத்தினம், இந்தப் பக்கம் கையில் பாதி கடித்த வாய்ப்பனோடு வாகீசன். சட்டியைக் கண்டு சனம் வழிவிட்டது. பாலேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்தினாள், செத்த வீட்டுக்குள் போகிறபோது போர்த்துகிற மாதிரி.

“அண்ணை,” என்றாள், கடைசி ஆளுக்கும் கேட்கக்கூடியதாக. “தில்லையம்பலம் அண்ணை போட்டாரெண்டு கேள்விப்பட்டன். என்ன செய்யிறது, எங்கட கையிலை என்ன கிடக்கு. உங்கட வீட்டிலை அடுப்பு மூட்டப்படாதெல்லே. அதுதான் சமைச்சுக் கொண்டுவந்தனான்.”

இராசரத்தினத்தின் கையிலிருந்த கரண்டி சாம்பாருக்குள் இறங்கிப்போனது.

“ஆரண்ணை? எந்தத் தில்லையம்பலம்?” என்றார் வாகீசன்.

“அது... ஊரிலை. ஒண்டைவிட்ட...”

“கூடப் பிறந்தவர் எப்ப ஒண்டைவிட்டவர் ஆனவர் அண்ணை? ஒரே வளவிலை ஒண்டாத் திரிஞ்சதை நான் கண்டனானெல்லே. அறிவித்தலிலை உங்கட பேரை விட்டிட்டினம். சரியான அநியாயம். நீங்கள் கேக்கேல்லையோ?”

வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் பெட்டியைத் திருப்பி மேசையில் வைத்தார், பிறகு இன்னொருவர் வைத்தார். பாலேஸ்வரி ஒவ்வொரு பெட்டியையும் எண்ணினாள். உடம்பெல்லாம் சந்தோசம் பரவியது, அதை ஏன் மறைக்கவேண்டும். இதற்காகத்தானே பனிக்குள் கதவு கதவாகத் தட்டினாள்.

இராசரத்தினம் பின்னால் கிடந்த ஸ்ரூலில் இருந்தார். “என்ர அண்ணைதான்” என்றார். “தன்ர காணித்துண்டை வித்து என்னை ஏத்தி அனுப்பினவர். நான் இன்னும் வாய்விட்டு அழவும் இல்லை.”

வாகீசனுக்கு முதன்முறையாகச் சிரிப்பு வாயைவிட்டு இறங்கியது. “அண்ணை, கோயில் விஷயம், நீங்கள் எங்களுக்கு ஒளிச்சிருக்கக்கூடாது” என்றார். பிறகு பாலேஸ்வரியின் பக்கம் திரும்பினார். காரணம் கிடைத்த நிம்மதி முகத்தில் தெரிந்தது. “அன்ரி, அப்ப பத்து நாளும் நீங்களே செய்யுங்கோ. பெரிய மனசு உங்களுக்கு. ஒண்டே ஒண்டுதான். சபையிலை கேட்டா நான் மறுமொழி சொல்லோணும். உங்கட கிச்சினிலை துடக்குக்காரர் ஒருத்தரும் இல்லைத்தானே?”

சட்டி இன்னும் இறக்கி வைக்கப்படவில்லை. ஒரு பிடி அவளுடைய கையில், மறு பிடி நிரூபாவின் கையில். ஏழு பேருடைய குசினி, கலியாண ஓடர்கள், ஸ்டெபனி கேட்ட பெரிய ஓடர், எல்லாம் ஒரு சொல்லில் நின்றன. அந்தச் சொல் வருவதற்கு அவள் யோசிக்கக்கூட இல்லை. அதுதான் பிறகு அவளை நெடுநாள் வருத்தியது.

“சீச்சீ, ஒருத்தரும் இல்லை” என்றாள் பாலேஸ்வரி.

மறு பிடி மெல்ல இறங்கியது. நிரூபா தன் பக்கத்தை நிலத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் கோபிக்கவில்லை, சத்தம் போடவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறவளைப் போலத்தான் கேட்டாள்.

“அப்ப என்ர அம்மா சாகேல்லையோ அன்ரி?”

வாகீசன் பாலேஸ்வரியையும் நிரூபாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவரும் அசையாத அந்தக் கடைக்குள் இராசரத்தினம்தான் எழும்பினார். தட்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, தான் இருந்த ஸ்ரூலை நிரூபாவுக்கு முன்னால் இழுத்துப் போட்டார்.

“இரு பிள்ளை. எத்தினை நாள்?”

“இண்டைக்குப் பதினாலு.”

“எனக்கு நாலு” என்றார் இராசரத்தினம். குனிந்து சட்டியைத் திறந்து, பாலேஸ்வரி சமைத்த சோற்றில் ஒரு தட்டத்தை எடுத்து, முதலில் நிரூபாவின் கையில் கொடுத்தார்.